தோட்டாப் பெட்டி மேல் வைத்த கை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜை கழிந்து வந்த சனிக்கிழமை நடந்தது இது. இடம், சிட்னியிலிருந்து மேற்கே மலையைத் தாண்டி அரை நாள் கார் ஓட்டினால் வருகிற ஓர் ஆட்டுப் பண்ணை.

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஐ.டி.ஐ. முடித்து, கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இருந்துவிட்டு, அந்தக் கைத்தொழிலை நம்பியே ஆஸ்திரேலியா வந்தேன். டூங்கபியில் வீடு, செவன் ஹில்ஸில் மெஷின் ஷாப்பில் வேலை. மனைவி, ஒரே மகள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில், மாதம் ஒரு கிருத்திகை விரதம். இப்படிப்பட்டவனுக்குத் துப்பாக்கி சுடுவது பொழுதுபோக்கு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது நண்பர் ஒருவர், "என்னப்பா, முருகன் வேலு போதாதுன்னு உனக்குத் துப்பாக்கி வேறயா?" என்று கேலி செய்வார்.

இது வேட்டை இல்லை. வெகு தூரத்தில் தொங்கவிட்ட இரும்புத் தகட்டைக் குறிபார்த்துச் சுடுகிற விளையாட்டு, அவ்வளவுதான். போலீஸ் லைசென்ஸ், பூட்டிய இரும்புப் பெட்டி எல்லாம் முறைப்படி உண்டு. கூட வேலை செய்கிறவர் ஒருநாள் கிளப்புக்கு அழைத்துப் போனார். தலைமுடி அளவு பிசகினாலும் பொருளைத் தூக்கிப் போட வேண்டிய தொழிலில் பழகிய எனக்கு, அந்த நுணுக்கம் பிடித்துப் போயிற்று.

இதில் ஆழமாக இறங்கியவர்கள் தோட்டாவைப் பெரும்பாலும் கடையில் வாங்குவதில்லை. தாங்களே செய்துகொள்வார்கள். ஏற்கெனவே சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் தீப்பொறி தருகிற பிரைமரைப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, கூட்டின் வாயில் குண்டை அழுத்தி வைக்க வேண்டும். ஒன்றுக்கொன்று வித்தியாசமே இருக்கக் கூடாது. கிட்டத்தில் சுட்டால் தெரியாத சின்ன வித்தியாசம், ஒரு மைல் தூரத்தில் ஆள் உயரத்துக்குத் தப்பிப் போகும்.

அந்த வருஷம்தான் அந்தப் பண்ணையில் ஒரு மைல் தூரம் சுட எனக்கு முதல் தடவையாக இடம் கிடைத்தது. எந்தத் தோட்டா என்று முடிவு செய்வதற்குள் நான் பட்ட பாடு! பெரிய தோட்டா காற்றுக்கு லேசில் அசையாது, ஆனால் தோளைப் பெயர்த்துவிடும். சின்னது தோளுக்குச் சுகம், ஆனால் போகப் போக வேகம் செத்து, தகட்டுக்குப் போய்ச் சேருமுன் தள்ளாடும். ராத்திரி சாப்பாட்டில் இதே பேச்சுத்தான். "எனக்கு ஒரு புடவை எடுக்க இதுல பாதி யோசிச்சிருப்பீங்களா?" என்றாள் மனைவி. கடைசியில் நடுத்தரமான ஒன்றை எடுத்தேன். குண்டு நீளமாக, ஒல்லியாக, காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்று சுத்தியல், ஸ்பேனர், கார், மகளுடைய லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். தோட்டா செய்கிற கருவிகளை மட்டும் விடலாமா? மனைவி குழைத்துக் கொடுத்த சந்தனத்தை நானே எடுத்து ஒவ்வொன்றுக்கும் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். மருந்து நிறுக்கிற சின்னத் தராசின் தட்டு ஓரத்தில், நல்ல பெரிய பொட்டாகவே வைத்தேன். மைல் தூரத்துக்கு அதுதானே முக்கியம்!

மறுநாள் சாயங்காலம் கராஜில் உட்கார்ந்தால் தராசு முள் நேராக நிற்கவில்லை. பொட்டின் கனம். துடைத்திருக்கலாம். ஆனால் பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. தானாக உதிரும் வரை விடுவதுதான் எங்கள் வழக்கம். அதனால் தராசின் திருகைத் திருப்பி, பொட்டோடு சேர்த்தே முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். எனக்கே என் மூளையை நினைத்து ஒரு பெருமை. அப்புறம் முருகா முருகா என்று சொல்லியபடி, ஒவ்வொரு கூட்டுக்கும் மருந்தை நிறுத்துப் போட்டு, முடித்ததைப் பெட்டியில் வரிசையாக அடுக்கினேன்.

சனிக்கிழமை பண்ணையில் நல்ல வெயில். எல்லோரும் தரையில் பாய் விரித்துப் படுத்துத்தான் சுட வேண்டும். என் பக்கத்துப் பாயில் முப்பது வயதுக்குள் ஒரு பெண். என் கழுத்து உத்திராட்சத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள் தமிழோ?" என்றார்.

"ஆமாம்மா."

"இந்தக் காட்டுக்குள்ள ஒரு தமிழ் ஆளைக் காணுவன் எண்டு நினைக்கேல்ல!"

யாழ்ப்பாணத்துப் பெண். மெல்போர்ன் கிரான்பர்னில் குடும்பம். பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு முதல் நாளே தனியாகக் காரோட்டி வந்திருந்தார். ஊறுகாய் போட்டுச் சுற்றிய ரொட்டியில் எனக்கும் பாதி கொடுத்தார். சாப்பிட்டபடி என் லேத் வேலையைப் பற்றிச் சொன்னேன்.

என் முறை வந்தது. முதல் வரிசைத் தோட்டாக்கள் அருமையாகப் போயின. தகட்டில் படவில்லை, ஆனால் சுற்றிச் சுற்றி மண் பறந்தது. அடுத்த வரிசைக்குப் போனேன். சுட்டதும் தோளில் அடி கொஞ்சம் பலமாக விழுந்தது. காலிக் கூட்டை வெளியே எடுக்க, துப்பாக்கியின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டைத் தூக்கினால், இறுகிக்கொண்டு வரவே இல்லை. உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டித் திறந்தேன்.

அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துப் பாயில் தலை திரும்பியது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ."

"தூசிம்மா. வெயில் வேற."

"தூசியோ என்னவோ, அந்த கேஸைத் தாங்கோ பாப்பம்."

கூட்டை வாங்கித் திருப்பி அடியைப் பார்த்தவர் முகம் மாறிப் போயிற்று. "பிரைமர் சப்பளிஞ்சு போய்க் கிடக்கு. இதுக்குள்ள பிரஷர் கூடிப் போச்சு அண்ணை. இனிச் சுடாதேங்கோ."

எனக்குச் சுருக்கென்றது. என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவள், எனக்குப் புத்தி சொல்கிறாளே என்றுதான் முதலில் தோன்றியது. எத்தனை மாதம் காத்திருந்து கிடைத்த இடம்! "இன்னும் கொஞ்சம்தாம்மா இருக்கு, முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம்" என்று அடுத்த தோட்டாவுக்குக் கையை நீட்டினேன்.

அவர் பெட்டியைச் சட்டென்று மூடி, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"நீங்கள் என்னை ஏசினாலும் பரவாயில்லை. நான் எடுக்க விடமாட்டன். உங்கட முகம் எங்க இருக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ. அந்த போல்ட்டுக்கு ஒரு சாண் இருக்குமோ? அது பின்னுக்கு வெடிச்சால் கண்ணும் இல்லை, கையும் இல்லை. பிறகு லேத்தில என்னத்தைக் கடையப் போறியள்?"

பொறுப்பாளராக இருந்த வெள்ளைக்காரப் பெரியவரையும் கூப்பிட்டுவிட்டார். அவர் கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லிஸன் டு ஹர், மேட்" என்று மட்டும் சொல்லி, துப்பாக்கியிலிருந்து போல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அத்தனை பேர் முன்னால் எனக்கு அவமானமாக இருந்தது.

அந்தப் பெண் என்னை அப்படியே விட்டுவிடவில்லை. தன் காரிலிருந்து, தோட்டாவைப் பிரிக்கிற சுத்தியல் போன்ற கருவியையும் பேட்டரித் தராசையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். இருவரும் வரிசைக்கு ஒன்றிரண்டாக என் தோட்டாக்களைப் பிரித்து மருந்தை நிறுத்தோம். நல்லபடியாகப் போன முதல் வரிசை சுட்டுத் தீர்ந்திருந்தது. அடுத்த வரிசையிலிருந்து கடைசி வரை எல்லாவற்றிலும் மருந்து கூடுதல். பார்க்கப் பார்க்க எனக்கு வேர்த்தது.

"பாதியில என்ன நடந்தது? ஆரும் தராசைத் தட்டினவையோ?"

யோசித்தேன். சிக்னலுக்காக மேட்டில் ஏறி, மனைவிக்கு போன் போட்டு, கராஜில் தராசுத் தட்டைப் பார்க்கச் சொன்னேன்.

"என்னங்க, தட்டுல பொட்டையே காணோம். காஞ்சு, அப்படியே பேர்ந்து மேஜைல கிடக்கு. அதுக்கென்ன இப்ப?"

பொட்டோடு சேர்த்துப் பூஜ்யம் வைத்தேன். பாதியில் பொட்டு உதிர்ந்துவிட்டது. தட்டு இலேசாகிப் போக, அந்தக் குறையை நிரப்ப நானே ஒவ்வொரு தோட்டாவிலும் கூடுதல் மருந்தைக் கொட்டியிருக்கிறேன். வாயில் முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டே!

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "முதல்ல நல்லபடியா வீட்டுக்கு வாங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது.

கீழே வந்து அந்தப் பெண்ணிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. சாமியையும் பூஜையையும் சேர்த்துக் கிண்டல் செய்துவிடுவாரோ என்று பயம். அவர் சிரிக்கத்தான் செய்தார், ஆனால் கண் கலங்கச் சிரித்தார். "அண்ணை, சாமிக்கு எவ்வளவு வேணுமெண்டாலும் பொட்டு வையுங்கோ. தராசுக்குப் பக்கத்தில ஒரு பூ வையுங்கோ, அதுவே போதும்!"

பிறகு தன் துப்பாக்கியை என் பாயில் கொண்டுவந்து வைத்தார். தான் சுட வைத்திருந்த தோட்டாக்களையும் வைத்தார். பொறுப்பாளர் தலையசைத்தார். "இவ்வளவு தூரம் வந்திட்டு வெறுங்கையோட போறதோ? படுங்கோ. காத்தை நான் பாத்துச் சொல்லுறன்." அவரும்தான் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தார், எனக்குக் கொடுத்தது போக அவருக்கு மிச்சம் கொஞ்சம்தான். படுத்துக் குறிபார்த்தேன். முதலில் சுட்டவை எங்கோ போயின. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று அவர் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒன்று தகட்டில் பட்டு, அந்தச் சத்தம் மெதுவாக எங்களிடம் வந்து சேர்ந்தபோது, என்னைவிட அவர்தான் அதிகமாகக் கத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் என் இரண்டு கைகளையும் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மிச்சத் தோட்டாக்கள் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். அன்றிலிருந்து, வேலைக்கு உட்காருமுன் தராசுத் தட்டைத் துடைத்துக் காயவிட்டுத்தான் தொடுகிறேன். கோயில் நண்பர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சாமி பேரைச் சொல்லி வந்த வினையா?" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பொட்டு வைத்ததும் நான், மூளை இருக்கிறது என்று மெச்சிக்கொண்டதும் நான். அவ்வளவு பெரிய பண்ணையில் என் பக்கத்துப் பாயில் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து படுக்க வைத்தது யார் என்று மட்டும்தான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்.

அந்தச் சகோதரிக்கு இது பெரிய விஷயமாகவே தோன்றியிருக்காது. ஆனால் எனக்கு, தினமும் காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று திருநீறு இடும்போது, முன்பின் தெரியாத ஒருத்தி என் கோபத்துக்குப் பயப்படாமல் குறுக்கே கை வைத்ததால்தான் இந்த முகம் எனக்கு மிச்சமிருக்கிறது என்று நினைக்காமல் விரல் நெற்றிக்குப் போவதில்லை.