மண்டையைப் போடும் கம்ப்யூட்டரும் மாசானம் டெய்லரின் ஸ்டூலும்

ஈரம் தெளித்த துணியில் கரி இஸ்திரிப் பெட்டி படும்போது ஒரு வாசனை வருமே...

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் ஆபீஸுக்குள் நாள் முழுக்க அந்த வாசனைதான். கீழே மாசானம் டெய்லர் கடை. மாடியில் நாங்கள். முதலாளி அண்ணாச்சி, சுடலைமுத்து, நான். அவ்வளவுதான் கம்பெனி. பெண் பார்க்கப் போன இடத்தில் மட்டும் 'பெரிய டீம்' என்று சொல்லி வைத்திருந்தேன்.

லாரி எடைமேடைக்கு ஒரு கார்டு செய்துகொண்டிருந்தோம். கம்ப்யூட்டருக்குள் செருகிவிட்டால், லாரி ஏறி நின்றதும் அது மணியடித்து, கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் கெர்னலைக் கூப்பிடும். அந்த மணிக்குப் பெயர் இன்டரப்ட். மணி கேட்டதும் ஓடிவந்து எடையை வாங்கி வைக்க ஹேண்ட்லர் என்று ஒரு குட்டிப் புரோகிராம் எழுதியிருந்தோம்.

பகல் முழுக்கத் தங்கமாக ஓடும். சாயங்காலம், 'போதும், கிளம்பு' என்று எங்கள் புரோகிராமை வெளியே அனுப்பினால் போதும்... திரை கறுத்து, வரிசை வரிசையாக எண்களைக் கக்கிவிட்டு கெர்னல் செத்துக் கிடக்கும். அன்றைக்குப் போட்ட எடையெல்லாம் கூடவே உடன்கட்டை.

வேலை சொன்னால் சாகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போகச் சொன்னால் சாகிறவனை அங்கேதான் பார்த்தேன்.

அதிலும் ஒரு கொடுமை. எங்கள் மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் சாகாது. அண்ணாச்சி ரூமில் இருந்ததில் மட்டும்தான் சாகும். இங்கே திருத்தி, ஓட்டி, சந்தோஷப்பட்டு, கார்டைப் பிடுங்கி அங்கே கொண்டுபோய்ச் செருகினால்... மறுபடியும் இழவு. அந்த இரண்டு ரூமுக்கும் நடந்த நடையைத் திருச்செந்தூருக்கு நடந்திருந்தால் புண்ணியமாவது மிஞ்சியிருக்கும்.

"நம்மகிட்ட ஒழுங்கா நிக்குது, அங்கன போனா சாவுது. அண்ணாச்சி மூஞ்சியப் பாத்து பயப்படுது வே" என்பான் சுடலை. அவனுக்கு எல்லாமே விளையாட்டு. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

எனக்கோ புதுக் கல்யாணம். கோமதிக்குப் பாளையங்கோட்டையில் டீச்சர் வேலை. சனிக்கிழமை திசையன்விளையிலிருந்து முருங்கைக்காய் மண்டிக்காரர்கள் எங்கள் கார்டை வாங்கலாமா என்று வந்து பார்ப்பதாக இருந்தது. அவர்கள் வேண்டாம் என்றுவிட்டால் மாடியைக் காலி பண்ணிவிட்டு சுடலையையும் என்னையும் சென்னையில் ஒரு சொந்தக்காரர் கம்பெனிக்குத் தள்ளிவிடுவதாக அண்ணாச்சி முடிவே கட்டிவிட்டார். அவள் இங்கே, நான் அங்கே மேன்ஷன் கொசுவோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

தினமும் நான் செருப்பைக் கழற்றும்போதே கோமதி கேட்பாள்: "இன்னைக்கும் செத்துட்டா?"

இதைக் கேட்டுக் கேட்டு, பக்கத்து வீட்டில் எனக்கு ஆஸ்பத்திரியில் என்னவோ வேலை என்றே முடிவு பண்ணிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாசானம் டெய்லர் கடையைக் காலி செய்தார். சமாதானபுரத்தில் புதுக்கடை. நம்ம ஊர் வழக்கம் தெரியும்தானே... முதலில் சாமான் எல்லாம் வண்டியில் ஏறும். கடைசியாகத்தான் ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்புவது. அவரும் மெஷின், மேசை, தான் உட்காரும் ஸ்டூல் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, எங்களிடம் சொல்லிக்கொள்ள மாடிப்படியில் கால் வைத்தார்.

அந்தக் கட்டடத்துக்கு ஒரே காலிங் பெல். கேட்டில் யார் அழுத்தினாலும் கடையிலும் அடிக்கும், மாடியிலும் அடிக்கும். இரண்டு பேரும் எட்டிப் பார்த்து, நமக்கில்லை என்றால் திரும்பிவிடுவோம்.

பெல் அடித்தது. எங்களுக்கு வந்த கூரியர்.

நாங்கள் படியில் இறங்குகிறோம். டெய்லரோ பழக்க தோஷத்தில் ஒரே பாய்ச்சலாகக் கடைக்குள் ஓடி, வழக்கமான இடத்தில், வழக்கம்போல உட்கார்ந்தார்.

ஸ்டூல் வண்டியில் இருந்தது.

"என் ஸ்டூல எவம்லே எடுத்தது?" என்று தரையில் கிடந்தபடியே கேட்டார்.

சுடலை சிரிக்க வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நானும்தான். அண்ணாச்சி ரூம் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கார்டு உண்டு. எங்கள் மேசையில் இருந்ததில் கிடையாது. அங்கே அந்தக் கார்டுக்கும் எங்கள் கார்டுக்கும் மணி ஒன்றே...

இருவரும் மாடிக்கு ஓடினோம். கிளம்பும்போது செய்ய வேண்டிய வேலைகளை நாங்கள் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தால், சாட்சாத் திருநெல்வேலி வழக்கப்படி எழுதி வைத்திருக்கிறோம்! முதலில் ஹேண்ட்லர் உட்காரும் மெமரியைக் காலி பண்ணுகிறோம். அதெல்லாம் முடிந்தபிறகு, கடைசியில்தான் கெர்னலிடம் 'இனி மணியடித்தால் எங்களைக் கூப்பிடாதே' என்று சொல்லிக்கொள்கிறோம். நடுவில் நெட்வொர்க் கார்டுக்காக மணி அடித்தால், எங்கள் ஹேண்ட்லரும் ஓடிவந்து இல்லாத ஸ்டூலில் உட்காருகிறான். வாரக்கணக்கில் உயிரை வாங்கியது இதுதான்.

மேலே இருந்த வரியைக் கீழே போட்டோம், கீழே இருந்ததை மேலே. சொல்லிக்கொள்வது முதலில், சாமான் பிறகு. அவ்வளவுதான்.

சனிக்கிழமை மண்டிக்காரர்கள் முன்னால் அண்ணாச்சியே கம்ப்யூட்டரை மூடினார். அது சத்தமில்லாமல் அணைந்தது. மண்டிக்காரர்கள் திருப்தியாகத் தலையாட்ட, அண்ணாச்சி எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"இப்பந்தான் வீட்டுக்குப் போவத் தெரியுது, வே."

மாசானம் டெய்லர் மட்டும் கடைசிவரை எங்களை மன்னிக்கவில்லை. விழுந்தவனைத் தூக்கிவிடாமல் ஓடிய பயல்கள் என்று சமாதானபுரம் முழுக்கச் சொல்லிவிட்டார். நியாயம்தானே!

இப்போது வீட்டிலிருந்தே வேலை. இந்த மாதிரி வரிசைத் தப்பை எல்லாம் மெஷினே சிவப்புக்கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. பாளையங்கோட்டையை விட்டு நான் நகரவே இல்லை. ஆனால்... லேப்டாப்பை மூடி, கைகழுவி, இலை முன் உட்கார்ந்த பிறகும் ஆபீஸிலிருந்து போன் அடிக்கிறது. பாதி நேரம் அது எனக்கான மணியே இல்லை. ஆனாலும் பாய்ந்து எழுகிறேன். மண்டைக்குள் எல்லாவற்றையும் எப்போதோ காலி பண்ணியாகிவிட்டது; திருதிருவென்று விழிக்கிறேன்.

நேற்றும் அப்படித்தான். தோசைக் கரண்டியோடு நின்று பார்த்த கோமதி, அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள்.

"மொதல்ல அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க. பெறவு வந்து உக்காருங்க."