மழை வருது

அந்தத் துணிக்கடையில் வாங்க வருகிறவர்களுக்கு நாற்காலி உண்டு. விற்கிற பெண்கள் மட்டும் பத்து மணி நேரமும் நிற்க வேண்டும்; உட்கார்ந்தால் வேலை காலி. அதனால் ஒருத்தி உட்காரும்போது இன்னொருத்தி காவல் நிற்பாள். சூப்பர்வைசர் தலை தெரிந்தால், ஜன்னலே இல்லாத அந்தத் தளத்தில் "மழை வருதுடி" என்பாள். உட்கார்ந்தவள் எழுந்துவிடுவாள்.

அன்று போர்வைக் கட்டின் மேல் உட்கார்ந்தவள் ஏழு மாதக் கர்ப்பிணி. காவல் நின்றது பெரியக்கா, பதினெட்டு வருடம் நின்றே காலில் நரம்பு சுருண்டுபோனவள். பூனை மாதிரி வந்த சூப்பர்வைசர் அவளைத்தான் முதலில் முறைத்தான். அவளுக்கு வாயே வரவில்லை. கர்ப்பிணியின் வேலை அன்றே போயிற்று.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

"விடுங்கக்கா, நமக்கெதுக்குப் பொல்லாப்பு?" என்றார்கள் மற்றவர்கள். பெரியக்கா விட்டுவிட்டாள். அதுதான் அவளை விடவில்லை.

இப்போது வேலையை விட்டு மகள் வீட்டில் இருக்கிறாள். போன வாரம் நிஜமாகவே மழை வந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவளின் கண்ணெதிரே, கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்தது.

மகள் ஓடிவந்து கத்தினாள். "பாத்துட்டுத்தானே இருந்தே? மழை வருதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையாம்மா?"

"அன்னைக்கும் வரலைடி" என்றாள் அம்மா.