வெங்காய மந்திரி கவிழ்த்த ஆட்சி

நான் ஒரு நாள் மத்திய வர்த்தக மந்திரியாக இருந்திருக்கிறேன். ஒரு நாள் என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வதுதான். காலைப் பலகாரத்துக்குப் பிறகு பதவி ஏற்றேன், மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பதவி போய்விட்டது.

சீனச் சண்டை முடிந்த மறு வருடம் அது. திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். சுதந்திர தினத்துக்கு வழக்கமாக நாடகம் போடுவார்கள். அந்த வருடம் எங்களுக்குச் சரித்திரம் எடுத்த சிஸ்டர், "நாடகம் வேண்டாம், பாராளுமன்றம் போடுவோம்" என்று சொல்லிவிட்டார். ராணி வேஷம் கட்டக் காத்திருந்தவர்களுக்கு முகம் தொங்கிப்போயிற்று. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு வர்த்தகம் விழுந்தது. விவாதத்துக்குச் சிஸ்டர் கொடுத்த பொருளை நான் இரண்டு தடவை படித்தேன். நம் வெங்காயத்தை வாங்குவதை இலங்கை நிறுத்திவிட்டது, அதற்கு அரசு என்ன செய்யப்போகிறது என்பதுதான் பொருள். அதே வெங்காயம் கீரனூரில் எங்கள் தோட்டத்துப் பட்டறை நிறையக் கிடந்தது.

பட்டறை என்பது கல் மேல் மூங்கில் தட்டி கட்டி, கீற்று வேய்ந்து, வெங்காயத்தைக் காற்றாடச் சேர்த்து வைக்கிற கூடு. வைகாசியில் பிடுங்கிய சின்ன வெங்காயத்தை அப்பா கப்பலுக்கென்றே பொறுக்கிச் சேர்த்திருந்தார். கப்பல் நின்றுபோனது. உள்ளூர்ச் சந்தையில் விலை கீழே கிடந்தது. அங்கே கொண்டுபோய்க் கொட்ட அவருக்கு மனசு வரவில்லை. ஐப்பசி மழையின் ஈரம் ஏறினால் அத்தனையும் முளைத்து அழுகிவிடும், எங்கள் வீட்டுக்கு அந்த வருடம் வேறு வருமானமும் கிடையாது. அம்மா காலையில் எழுந்ததும் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பாள்.

அப்பாவுக்கு டில்லி மேல் அசையாத நம்பிக்கை. லீவுக்குப் போயிருந்தபோது நானே கேட்டேன்.

"ஏனுங்கப்பா, விக்கிற விலைக்கு இப்பவே வித்துட்டா என்னங்க?"

"நீ சும்மா இரு அம்மிணி. அத்தன பேரு ஒக்கோந்து பேசி ஒரு தீர்மானம் போட்டா, அவன் வாங்காம எங்க போவான்? அதென்ன நம்மூரு பஞ்சாயத்தா?"

தரகர், கட்சிக்காரர், தாலுகா ஆபீஸ்காரர் என்று ஒருவரையும் அவர் விடவில்லை. எல்லோரும் "ஏற்பாடு நடக்குது" என்றார்கள். அவரும் பட்டறைக்குப் புதுக் கீற்று போட்டார்.

நான் மந்திரியாவதற்காகப் பள்ளி நூலகத்தில் பழைய பேப்பர்களைப் புரட்ட ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எனக்குப் பயம் வந்தது. இலங்கையிலும் ஒரு பாராளுமன்றம் இருக்கிறது என்பது அதுவரை என் மண்டையில் ஏறவே இல்லை. அங்கேயும் வெங்காயம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஓட்டு இருக்கிறது, அவர்கள் அனுப்பிய உறுப்பினர்கள் அங்கே எழுந்து, இந்தியச் சரக்கை விடாதே என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். நம் சபை தீர்மானம் போட்டால் அது நம் மந்திரியைத்தான் கட்டும், அடுத்த நாட்டு மந்திரியைக் கட்டாது. கப்பல் இப்போதைக்கு ஓடாது என்று எனக்கு விளங்கிவிட்டது.

சிஸ்டர் எனக்குப் பதில் எழுதிக் கொடுத்தார். இந்த விஷயம் அரசின் தீவிரமான பரிசீலனையில் இருக்கிறது என்று முடியும். "எது கேட்டாலும் இதையே சொல்லு. மந்திரி வாயில் இல்லை என்கிற வார்த்தை வரக் கூடாது. வந்தால் கடைசியில் ஓட்டெடுப்பில் சொந்தக் கட்சிக்காரர்களே கை தூக்க மாட்டார்கள்" என்று பலமுறை சொல்லி அனுப்பினார்.

விழா நாளில் பெரிய கூடத்தில் பெஞ்சுகளை எதிரும் புதிருமாகப் போட்டிருந்தோம். சபாநாயகராக இருந்த ஒல்லிப் பெண் கோயில் பாட்டுக் குழுவின் அங்கியை மாட்டிக்கொண்டு உயரமான நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வகுப்பிலேயே நெட்டையானவள் சிவப்புச் சேலையைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு சபைக் காவலராக நின்றாள். நன்றாகப் பேசியவர் யார் என்று தீர்ப்புச் சொல்லிக் கோப்பை கொடுக்க முன்னாள் சட்டசபை உறுப்பினர் ஒருவர் வந்திருந்தார். பின்னால் பெற்றோர்கள். பார்வையாளர் பேசக் கூடாது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தோம்.

அந்த அட்டைக்கு நேர் கீழே, வெளுத்த வேட்டியும் மடியில் மஞ்சப்பையுமாக அப்பா உட்கார்ந்திருந்தார்.

நான் அவரைக் கூப்பிடவே இல்லை. சட்டசபையில் இருந்த மனிதர் வருகிறார் என்று கேள்விப்பட்டு முதல் பஸ்ஸில் கிளம்பி வந்திருக்கிறார். பையில் இருந்தது அவரிடம் காட்டக் கொண்டுவந்த மாதிரி வெங்காயம். சிஸ்டர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து இன்னொரு தடவை படித்துக்கொண்டேன்.

எதிர்க்கட்சித் தலைவி டவுனில் புகையிலை வியாபாரம் செய்தவரின் மகள். பேச்சில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. "நம் வெங்காயம் வேண்டாம் என்கிறவர்களுக்கு நம் துணியும் கிடையாது என்று மிரட்டினால் என்ன? மந்திரிக்கு முதுகெலும்பு இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"இருக்கிறது. அதை எங்கே நிமிர்த்த வேண்டும் என்பதும் தெரியும்" என்றேன். "வடக்கு எல்லையில் காயம் இன்னும் ஆறவில்லை. இந்த நேரத்தில் தெற்கே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரரோடு வெங்காயத்துக்காகப் பகைத்துக்கொள்ள முடியாது." எங்கள் பக்கம் பெஞ்சைத் தட்டித் தூள் கிளப்பினார்கள். பின்னாலிருந்து அப்பாவும் கை தட்டினார். எனக்கு ஒரே குஷி.

அவள் விடவில்லை. துணைக் கேள்வி என்று மறுபடி எழுந்தாள். "ஐப்பசிக்குள் வெங்காயம் கப்பல் ஏறுமா? ஆம் அல்லது இல்லை, ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்."

அப்பா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து வந்தார். பரிசீலனை என்று சொன்னால் இந்த மனிதர் ஊருக்குப் போய் இன்னொரு தடவை கீற்று மாற்றுவார் என்று எனக்குத் தெரியும். தாளை மடித்தேன்.

"இல்லை" என்றேன்.

இரண்டு பக்கமும் எழுந்து கத்தினார்கள். சிஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சபாநாயகர் அடித்த அடியில் மணியின் நாக்கே கழன்று விழுந்தது. அந்த அமளியில் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"அப்பறம் எதுக்குங்க அத்தன பேரு அங்க ஒக்கோந்திருக்கறீங்க?"

"பார்வையாளரை வெளியேற்றுங்கள்!" என்று சபாநாயகர் கீச்சிட்டாள். நெட்டைக் காவலர் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, செத்த நேரம் வெளிய வாங்கப்பா, எங்களுக்கு மார்க்கு போயிரும்" என்று கெஞ்சினாள்.

எனக்கு மந்திரி என்பதே மறந்துவிட்டது. "இப்பிடிக் கேட்டுப் பதில் வாங்கறதுக்குத்தானுங்கப்பா!" என்று அரசாங்க பெஞ்சிலிருந்து கீரனூர்ப் பேச்சிலேயே கத்தினேன். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அப்பா மஞ்சப்பையோடு வெளியேற்றப்பட்டார்.

ஓட்டெடுப்பில் சிஸ்டர் சொன்னதுதான் நடந்தது. என் கட்சிக்காரர்களிலேயே பாதிப் பேர் கை தூக்கவில்லை. ஆட்சி கவிழ்ந்தது. கோப்பை புகையிலைக்காரர் மகளுக்குப் போயிற்று. தீர்ப்புச் சொன்ன பெரியவர் என்னைப் பார்த்து, "நான் சபையில இருந்த வரைக்கும் ஒரு மந்திரி வாயிலயும் கேக்காத வார்த்தையம்மா அது" என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கும் நிலையில் நான் இல்லை. அப்பா கோபித்துக்கொண்டு போயிருப்பார் என்று பயந்து வாசலுக்கு ஓடினேன்.

அப்பா வாசல் படியில் உட்கார்ந்து, தலைப்பாகை கழற்றாத காவலருக்கு வெங்காயத்தை உரித்துக் காட்டி, எது கப்பல் சரக்கு என்று விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அம்மிணி, நீ சொன்னது ஆட்டத்துக்கா, நெசத்துக்கா?"

"நெசத்துக்குத்தானுங்கப்பா."

கையிலிருந்த வெங்காயத்தைப் பைக்குள் போட்டார். பிறகு, "நானும் எத்தன பேரத்தான் கேட்டுப்போட்டேன். ஒருத்தரு இல்லைன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வித்திருப்பனே" என்றார். மஞ்சப்பையைக் காவலரிடம் கொடுத்து, "கொழம்புக்குப் போடச் சொல்லுங்க கண்ணு" என்றார். விழாச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அவர் பட்டறையைப் பிரித்ததை அம்மா பின்னால் சொன்னாள். விதைக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மீதியை வண்டியில் ஏற்றியிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு ஓடிவந்தாராம். அவருடைய பட்டறையும் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான்.

"ஏனுங்க, இலங்கைக்காரன் தெறந்துட்டானுங்களா?"

"இல்லைங்க. இப்போதைக்குத் தெறக்க மாட்டான்னு மந்திரியே சொல்லிப்போட்டாங்க."

"எந்த மந்திரிங்க?"

"எம்மவதானுங்க" என்றாராம் அப்பா.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டியில் ஏறியிருந்த வெங்காயத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் பட்டறைக் கீற்றைப் பிரிக்கப் போனாராம்.