அக்கா எழுதிய பக்கத்தின் பழைய முகவரி

கண்ணாடி விரிசல் விட்டிருந்த கைபேசியை என் மேசையில் வைத்துவிட்டு, அதன்மேல் இருந்த மழை ஈரத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றினார் மஸ்கெலியா அக்கா. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் அப்போது வேலை பார்த்த கம்யூனிகேஷன் கடை அது. போட்டோக்கொப்பி எடுக்கவும் விண்ணப்பம் நிரப்பவும் கூட்டம் வரும். கடைகளுக்கும் கோயில்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பது என் வேலை. “தங்கச்சி, நான் எழுதினதையெல்லாம் யாரோ அழிச்சிட்டாங்க போல. என்னான்னு பாருங்களேன்” என்றார். குரலில் பதற்றம் இல்லை. கைதான் கைபேசியை விட்டு நகரவில்லை.

பல வருடம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர் அவர். மஸ்கெலியாவில் தனியாக இருந்தார். அவர் வெளிநாட்டில் இருந்த காலத்திலேயே கணவர் வேறு குடும்பமாகிவிட்டார். மகள் கொழும்பில். “போன் எடுப்பா. பேசத்தான் ஒன்னும் இருக்காது” என்று ஒருமுறை சொன்னார். சாயங்காலங்களில் அவர் ஒரு வலைப்பூ எழுதிவந்தார். புதிதாக வெளிநாடு போகும் பெண்கள் எதைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டால் யாரிடம் சொல்ல வேண்டும், நம் தூதரகத்துக்கு எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி பேசுவது போல எழுதியிருந்தார். எங்கெங்கோ சமையலறைகளில் இருந்து பெண்கள் கீழே பின்னூட்டம் போடுவார்கள். ஒரு நாளில் அவர் பேசும் பேச்சு, அதற்கு எழுதும் பதில்தான்.

திறந்து பார்த்தேன். முதல் பக்கம் வந்தது, தலைப்புகள் எல்லாம் வரிசையாக இருந்தன. எந்தத் தலைப்பைத் தொட்டாலும் ‘பக்கம் இல்லை’ என்றது. உள்ளே நுழைந்து பார்த்தால் எழுதியது ஒன்றுகூட அழியவில்லை. இடம் கொடுத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனம் வேறொரு சேவையகத்துக்கு எல்லாவற்றையும் மாற்றியிருந்தது. தலைப்பை வைத்து வரும் முகவரி எந்தப் பதிவுடையது என்று சொல்லும் விதிகள் ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். புதிய சேவையகத்தில் அந்தக் கோப்பைப் படிக்க வேண்டாம் என்று செட்டிங் போட்டிருந்தார்கள். இதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று நான் திணறினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “தோட்டத்துக்கு வர்ற கடுதாசியெல்லாம் ஆபீசுக்குத்தானே போகும். அங்க புது ஆளு வந்துட்டாரு, அவருக்கு யாரு எந்த லயத்து வீடுன்னு தெரியல. அதானே?”

அதேதான். முகவரிகளை வெறும் எண்களாக மாற்றிவிட்டால் உடனே எல்லாம் திறக்கும் என்றேன். “அப்ப பழைய முகவரி?” என்று கேட்டார். அது வேலை செய்யாது என்றதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வட்டவளைப் பெண் ஒருத்தியைப் பற்றி அப்போதுதான் சொன்னார். வேலைக்குப் போன வீட்டில் அவளுடைய கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எப்போதாவது வீட்டுக்காரியின் போனில் ஊருக்குப் பேசலாம், அந்த வீட்டுக்காரி பக்கத்திலேயே நிற்பாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் டெப் கணினியில், அக்காவின் தூதரகப் பதிவின் முகவரியை மட்டும் அவள் சேமித்து வைத்திருந்தாள். கடைசியாகப் பேசும்போது கணவரிடம், “மஸ்கெலியா அக்கா வீடு பூட்டிக் கெடக்கு” என்றாளாம். கணவருக்குப் புரியவில்லை, அக்காவையே போனில் கேட்டார். அக்காவுக்குப் புரிந்தது: பக்கம் திறக்கவில்லை.

“தேடிப் பார்க்கல்லாம் அந்தப் புள்ளைக்கு நேரம் கெடைக்காது தங்கச்சி. தொட்டா தொறக்கணும். அதே எடத்துல தொறக்கணும்.”

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் சிங்களத்தில், தன் பக்கத்தில் நன்றாகத் திறக்கிறதே என்றான். அவன் பார்த்தது முதல் பக்கம். ஒரு தலைப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவனுக்கும் ‘பக்கம் இல்லை’ என்றே வந்தது. பிறகு, மேலே சொல்லிச் செய்ய வேண்டும், நாளைக்கு ஆகும் என்றான். அக்கா மஸ்கெலியா பஸ்ஸில் ஏறிப் போனார். மறுநாள் நான் கடைக்கு வரும்போது பூட்டிய கதவுக்கு முன்னால் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

செட்டிங் மாறியிருந்தது. உள்ளே போய் முகவரி அமைப்பை ஒருமுறை மறுபடி சேமித்தேன். பழைய முகவரியைத் தொட்டதும் பக்கம் வந்தது. அக்கா அதை முழுவதும் படித்தார், வேறு யாரோ எழுதியதைப் படிப்பது போல. பிறகு மேலே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். அவர் சொல்ல நான் தட்டினேன்: “இந்தப் பக்கம் கொஞ்ச நாள் தொறக்கல. நீங்க தப்பா ஒன்னும் பண்ணல.”

சில வாரம் கழித்து அந்தக் கணவர் அக்காவுக்குப் போன் செய்தார். மனைவி தூதரகக் காப்பகத்தில் இருக்கிறாள் என்றார். அதற்குப் பிறகு அவள் வட்டவளைக்கு வந்தும் சேர்ந்தாள். போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “எதுக்கு? என்னையப் பார்த்தா அந்த வீட்டு ஞாபகம்தான் வரும். அவங்க நல்லா இருக்கட்டும்” என்றார். அவளும் வரவில்லை.

அடுத்த வருடம் அக்கா மறுபடியும் வெளிநாடு போவதாகச் சொல்ல வந்தார். எல்லாம் தெரிந்த நீங்களே போகலாமா என்றேன். “இங்க தகரத்துல விழுற மழைச் சத்தந்தான் தங்கச்சி. அங்க யாராச்சும் கூப்பிட்டுக்கிட்டாவது இருப்பாங்க” என்றார். வலைப்பூவின் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். முதலில் சில தடவை அங்கிருந்து போனில் பேசினார். பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை. மகளிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை.

அந்தக் கடையை மூடிவிட்டார்கள். இப்போது வீட்டில் ஒரு அறையில் தனியாக இருந்து, முகம் தெரியாதவர்களின் தளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். நாள் முழுக்க வாய் திறக்காமலே போய்விடுவதும் உண்டு. ஹோஸ்டிங்கில் எந்த மாற்றம் வந்தாலும் முதலில் அக்காவின் அந்தப் பதிவைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். அவர் போன நாட்டிலிருந்து எப்போதாவது ஒருவர் அதைத் திறந்திருப்பது பார்வையாளர் கணக்கில் தெரிகிறது. உதவி தேடி வந்த புதுப் பெண்ணா, தான் எழுதியதைத் தானே படிக்க வந்த அக்காவா, அது தெரியாது. ஒருநாள் நானே அதன் கீழே எழுதினேன்: “அக்கா, நல்லா இருக்கீங்களா?” பதில் வரவில்லை. அதன் பிறகும் இரண்டு தடவை அந்த நாட்டிலிருந்து யாரோ பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள்.