முன்னால் கருவாடு, பின்னால் காலித் தொட்டி

கருவாட்டு மூட்டையோடு ஏ.சி. வண்டியில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்திருக்கிறீர்களா? அதுவும் ஜன்னலை இறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு?

போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்தேன்.

என் தம்பி பூமிநாதன் தொண்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கிறான். நெல், மிளகாய், கொஞ்சம் பருத்தி. நான் இருப்பது உச்சிப்புளியில். அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பக்கத்துக் கடலோர ஊரான புதுமடத்தில் கருவாடு வாங்கிக்கொண்டு போவது வழக்கம். கடற்கரையில் அக்கா இருந்து என்ன பிரயோஜனம் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே! இந்த முறை நெத்திலியும் சீலாவும் கொஞ்சம் தாராளமாகவே வாங்கிவிட்டேன். ஒரு சிறு சாக்கு நிறைய.

என்னை அழைத்துப் போக பூமி தன் பிக்கப் வண்டியில் வந்தான். பார்த்திருப்பீர்களே... முன்பக்கம் கார், பின்பக்கம் குட்டி லாரி. வெள்ளை வெளேரென்று, நாலு கதவோடு. பின்னால் ஒரு எருமை தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய தொட்டி.

"மூட்டையைப் பின்னால போடுடா" என்றேன்.

"வேணாம்க்கா. வாடை புடிச்சிக்கிரும்."

"எதுல?"

"தொட்டியிலதான்."

"அப்ப நாம உக்கார்ற எடத்துல புடிக்காதா?"

"உள்ள அடிக்க ஸ்பிரே இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, மூட்டையைப் பின்சீட்டில் வைத்து அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டான். ஸ்பிரே மல்லிகை வாசனை. மல்லிகையும் சீலாக் கருவாடும் ஏ.சி.யில் கலந்தால் எப்படி இருக்கும் என்று விளக்கமாக எழுத ஆசைதான். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவராக இருக்கலாம், விட்டுவிடுகிறேன்.

இந்த வண்டி வாங்கிய கதையே தனி.

தம்பி மனைவி செல்வி கேட்டது ஒரு சின்னக் கார். ஆஸ்பத்திரிக்குப் போக, கல்யாணத்துக்குப் போக, பிள்ளைகளை ஹாஸ்டலில் விட. பூமி ஒத்துக்கொள்ளவே இல்லை. "வெள்ளாம பாக்குற சம்சாரி வீட்டுக்குக் காரு என்னத்துக்கு? இதுல குடும்பமும் போகும், மூட்டையும் போகும்" என்றான். பேச்சில் நியாயம் இருந்ததா இல்லையா? எங்கள் எல்லோருக்கும் இருப்பதாகத்தான் பட்டது.

வண்டி வந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது. அப்புறம் தொட்டிக்கு அலுமினியத்தில் ஒரு மூடி வந்தது, மழையில் மூட்டை நனையாமல் இருக்க. மூடிக்கு ஒரு பூட்டு வந்தது, மூட்டையை எவனும் தூக்கிப் போகாமல் இருக்க. உள்ளே ரப்பர் மேட் வந்தது, மூட்டை உரசாமல் இருக்க. மூட்டை மட்டும் வரவேயில்லை!

உரம் ஏற்றலாம் என்றால் துரு ஏறுமாம். நெல் ஏற்றலாம் என்றால் சாக்கு உரசுமாம். ஆடு ஏற்றினால் கொம்பு கீறுமாம். வைக்கோல் என்னடா செய்யும் என்று கேட்டேன்.

"தூசிக்கா" என்றான்.

அப்படியானால் விளைந்ததெல்லாம் சந்தைக்கு எப்படிப் போகிறது? வாடகைக் குட்டியானையில். அந்தச் சின்ன லோடு வண்டி மூட்டைகளோடு முன்னால் போகும். பின்னாலேயே இவன் காலிப் பிக்கப்பில் போவான், விலை பேச! குட்டியானை ஓட்டும் கருப்பையா ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாராம்: "அண்ணே, ரெண்டு வண்டியும் ஒரே சந்தைக்குத்தான் போகுது. நீங்களாச்சும் வெரசாப் போயி எனக்கு ஒரு டீ சொல்லி வைங்க."

என் தம்பி மட்டும்தானா இப்படி என்று எனக்கு ஒரு சந்தேகம். கொஞ்ச நாளாக எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பிக்கப் வண்டி நின்றால் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறேன். ஒன்றில் வேப்பஞ்சருகு. ஒன்றில் தண்ணீர் கேன் ஒன்று அநாதையாக உருண்டுகொண்டிருந்தது. ஒன்றில் பிரிக்காத தார்ப்பாய், அதன்மேல் ஒரு பூனை. இறால் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் நான் எட்டிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். சமாளிக்க வேண்டுமே... "தீவன மூட்டையெல்லாம் இதில்தான் ஏற்றுவீர்களா?" என்று கேட்டேன். "அய்யய்யோ, அதுக்கு வேற வண்டி இருக்குங்க" என்றார் பதறிப்போய். என்னவோ அவர் வீட்டு மாப்பிள்ளையைக் கல் சுமக்கச் சொன்ன மாதிரி!

சிரிக்கிறேனே தவிர, என் வீட்டுப் பரணில் ஐம்பது பேருக்கு பிரியாணி செய்கிற தேக்சா இருக்கிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும், நினைத்துப் பாருங்கள். கடையில் நிற்கும்போது நம் கண்ணுக்குத் தெரிவது வருஷத்தில் ஏதோ ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் பொருள் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மதியச் சாப்பாடு முடிந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மேற்கே திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. பங்குனி வெயிலில் மழை வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? எங்கள் பக்கத்து மிளகாய்க்காரர்களுக்குக் கசக்கும். குண்டு மிளகாய் களத்தில் காய்கிற நேரம் இது. நனைந்தால் சிவப்பு வெளுத்துவிடும், பூஞ்சை பிடிக்கும். அதற்குச் சண்டு வத்தல் என்று பெயர். வியாபாரி அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார். பூமியின் வத்தல் ஷெட்டுக்குள் பத்திரமாக இருந்தது. அதனால் நாங்கள் நிம்மதியாக மேகம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது தெருவில் இருளாயி ஓட்டமும் நடையுமாக வந்தார். பூமியின் வயலுக்குப் பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்பவர். புருஷனுக்குத் திருப்பூரில் வேலை. தலையில் வெறும் சாக்குகள், காதில் போன்.

"எங்கனப்பா இருக்க கருப்பையா?... ராமேஸ்வரத்துலயா? பந்தல் சாமான் எறக்கிக்கிட்டு இருக்கியா?... சரிப்பா, வையி."

எங்கள் வாசலில்தான் நின்றார். வானத்தைப் பார்த்தார். வெள்ளைப் பிக்கப்பைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்துவிட்டார்.

"நம்மகிட்ட ஏன் கேக்கல?" என்றேன் செல்வியிடம்.

செல்வி எனக்குச் சொல்கிற மாதிரி புருஷனுக்குக் கேட்கும்படி சொன்னாள். "தையில ஒரு தடவ கேட்டாக மதினி. நெல்லு மூட்டைய மில்லுக்குக் கொண்டு போகணும்னு. 'பெயின்ட் உரசிரும்க்கா'ன்னு சொல்லிட்டாக உங்க தம்பி. அதுக்குப் பெறகு எந்த மொகத்தோட கேப்பாக?"

பூமி வண்டிப் பக்கம் திரும்பினான். செல்வி நிறுத்தவில்லை.

"அவுக களம் கண்மாய்க்குக் கீழ, பள்ளத்துல கெடக்கு. தார்ப்பாய் போட்டு மூடுனாலும் அடியில தண்ணி ஏறிரும். போன வருசம் பூராம் சண்டாப் போச்சு. இந்த வருசமும் போச்சுன்னா குத்தகைய விட்டுட்டு நானும் திருப்பூருக்கே போயிருவேன்னு சொல்லிக்கிட்டிருக்காக."

பூமி எழுந்தான். உள்ளே போய்ச் சாவியோடு வந்தான். எனக்கு என் கண்ணையே நம்ப முடியவில்லை.

நம்பியிருக்க வேண்டியதில்லை. மூடியின் பூட்டு திறக்கவில்லை! மேட் போட்ட நாளிலிருந்து திறக்காத பூட்டு. எங்கள் உப்புக்காற்று அதற்குள் குடித்தனம் வைத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டான். திருகினான். சாவி வளைந்ததே தவிர பூட்டு அசையவில்லை. தூரத்தில் இடி இடித்தது.

செல்வி மாட்டுக்கொட்டத்துக்குப் போய்க் கடப்பாறையை எடுத்துக்கொண்டு வந்தாள். "ஒதுங்குங்க, நான் நெம்புறேன்" என்றாள்.

பூமி அந்த மூடியை ஒருமுறை பார்த்தான். பாவமாகத்தான் இருந்தது. பிள்ளைக்கு ஊசி போடுமுன் அப்பாக்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிறகு கடப்பாறையை அவள் கையிலிருந்து வாங்கி அவனே நெம்பினான். பெயின்ட் பெயர்ந்து, தகடு கிழிந்து, பூட்டு தெறித்து விழுந்தது. உள்ளே பார்த்தால் ரப்பர் மேட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அந்த நேரத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும்தான்.

நாங்கள் மூவரும் போனபோது களத்தில் இருளாயி ஒற்றை ஆளாக வத்தலைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். குத்துக்குத்தாக நாலைந்து குவியல். அதைத் தலைச்சுமையாகச் சுமந்து ஊருக்குள் சேர்ப்பதற்குள் மூன்று மழை பெய்துவிடும். பூமி வண்டியைப் பின்னோக்கி எடுத்து, களத்து ஓரம் வரை கொண்டுவந்து நிறுத்தினான்.

"இருளாயிக்கா, சாக்குல கட்ட நேரமில்ல. கூடையில அள்ளி அப்புடியே கொட்டுங்க."

இருளாயி கூடையோடு தயங்கி நின்றார். "தம்பி... பெயின்ட்டு..."

"கொட்டுங்கக்கா!"

என் தம்பியை நினைத்து எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் நெடி என்று சொல்லிவிட்டேன், அது பாதி உண்மைதான்.

நாலு பேரும் அள்ளினோம். தும்மிக்கொண்டே அள்ளினோம். முதல் நடை சமுதாயக்கூடத்தில் இறங்கியது. இரண்டாம் நடைக்குக் கடைசிக் கூடையைக் கொட்டும்போது பெருந்தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. கூடவே காற்று. பூமி மூடியை இறக்கினான். பூட்டுத்தான் போய்விட்டதே... காற்று மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கயிற்றுக்கு எங்கே போவது?

செல்வி யோசிக்கவே இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டயர்மேல் கால் வைத்து ஏறி, மூடியின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். மறுபக்கம் இருளாயியும் ஏறினார். மூடி 'டொங்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது.

"கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்றான் பூமி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி.

"நாங்க புடிச்சுக்கிருவோம், நீங்க ஆத்தா தேர் மாதிரி அசையாம ஓட்டுங்க!" என்று செல்வி கத்தினாள்.

கொட்டுகிற மழையில் அந்த ஊர்வலம் ஊருக்குள் நுழைந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உள்ளே டிரைவர் சீட்டில் என் தம்பி, பக்கத்தில் நான். பின்னால் இரண்டு பெண்கள் தொப்பலாக நனைந்துகொண்டு, அவர்களுக்குக் கீழே ஒரு வருஷத்து உழைப்பு.

கூடத்துக்குள் வத்தலைத் தள்ளி முடித்ததும் இருளாயி தலையைத் துவட்டவில்லை, உட்காரவில்லை. குவியலின் அடியில் கையை விட்டு நாலைந்து வத்தலை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். நன்றாகக் காய்ந்த குண்டு வத்தலுக்குள் விதை கலகலவென்று பேசும். நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். பேசியது. இன்னொரு இடத்தில் கையை விட்டு எடுத்துக் குலுக்கினார். அதுவும் பேசியது.

"நனையல தம்பி" என்றார். "ஒரு காய் கூட நனையல."

அப்புறம்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒரு தும்மல் போட்டார் பாருங்கள், வெளியே இடி இடித்ததுகூட எங்களுக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் பூமி வண்டியைச் சுற்றி வந்தான். பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை. மேட் முழுக்க மிளகாய் விதை. மூடியின் நட்டநடுவில் பெரிய ஒடுக்கு ஒன்று. மழைத் தண்ணீர் அதில் குளம் கட்டி நின்றது. புலம்பப் போகிறான் என்று எதிர்பார்த்தேன்.

"பசிக்குதுக்கா" என்றான். அவ்வளவுதான்.

புதன்கிழமை போன் செய்தேன். செல்விதான் எடுத்தாள். திங்கட்கிழமை யார் வீட்டுக்கோ சிமென்ட் போயிற்றாம். செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா போயிற்றாம், கொம்போடு! இன்று காலையிலேயே யாரோ வந்து வாசலில் நிற்கிறார்களாம், பழைய பீரோவை மகள் வீட்டுக்குக் கொண்டுபோக. "நான் ஆஸ்பத்திரி போகணும்னாலும் இனிமே முன்கூட்டிச் சொல்லி வைக்கணும் போல மதினி" என்று சலித்துக்கொண்டாள். குரலில் சலிப்பே இல்லை.

போனை பூமி வாங்கினான்.

"மூடியில அந்த ஒடுக்க எடுத்துட்டியாடா?" என்றேன்.

"ஒர்க்‌ஷாப்ல கேட்டேன்க்கா. அரை நாள் வேலைதானாம். வேணாம்னுட்டேன்."

"ஏன்டா?"

"கெடக்கட்டும்க்கா. அந்த ஒடுக்கப் பாத்துத்தான் இப்ப எல்லாரும் தைரியமா வண்டி கேக்குறாக."

ஒரே ஒரு பஞ்சாயத்து மட்டும் இன்னும் தீரவில்லையாம். அந்த ஒடுக்கு தான் உட்கார்ந்ததால்தான் விழுந்தது என்று செல்வியும் சொல்கிறாள், இருளாயியும் சொல்கிறார்... இரண்டு பேருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை!