பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழுமலை

ஏழுமலைக்கு எழுத வராது. எங்கள் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்டதெல்லாம் குரல்பதிவுதான். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, திண்டிவனத்திலிருந்து வரும் பேருந்தில் குழுவைத் திறந்தேன். அவர் எண்ணிலிருந்து மூன்று வரி எழுத்தில் வந்திருந்தது. எழுதியது அவராக இருக்க முடியாது. அவருடைய மூத்த மகள் சங்கீதா அனுப்பியிருந்தாள். "அப்பா நேத்து காலைல உப்பளத்துல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே இறந்துட்டாங்க. இன்னைக்கு மதியம் எடுக்கிறோம்."

எங்கள் பள்ளி இருக்கும் மரக்காணத்தில் இறங்கும்வரை நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

பள்ளியின் ஆண்டு மலரில் அவரைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்று சக ஆசிரியர்கள் என்னிடம் சொன்னார்கள். அவரை அதிக நாள் அறிந்தவள் நான் என்பது அவர்கள் சொன்ன காரணம். எங்கள் பழக்கம் எப்படித் தொடங்கியது என்று அவர்களுக்குத் தெரியாது. அது என் தவறில் தொடங்கியது. இந்த மலரைப் படிக்கும் பெற்றோர்களில் பலர் அவரோடு ஒரே அளத்தில் உப்பு வாரியவர்கள். உங்களுக்காவது அதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எட்டு வருடங்களுக்கு முன்பு சங்கீதா என் ஆறாம் வகுப்பில் இருந்தாள். கரும்பலகையில் எழுதிப்போடும் வீட்டுக் கணக்கை அவள் பல நாள் செய்துவருவதில்லை. கேட்டால் நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டதாகச் சொல்வாள். ஒருநாள் பொறுமை இழந்து அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். "உங்க பொண்ணு எதுவும் எழுதறதில்ல. அதுக்கு மேல பொய்யும் சொல்றா. கொஞ்சம் கவனிங்க" என்றேன். அந்தப் பக்கம் "சரிங்க டீச்சர்" என்று மட்டும் கேட்டது. ஒரு வேலை முடிந்தது என்ற நினைப்பில் போனை வைத்தேன்.

மறுநாள் சங்கீதா வலது மணிக்கட்டு வீங்கி வந்தாள். பேனாவை இடது கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதற்கு, "விழுந்துட்டேன் மிஸ்" என்றாள்.

அதற்கடுத்த நாள் காலை பதினொரு மணி இருக்கும். வகுப்பு வாசலில் ஒருவர் வந்து நின்றார். அளத்திலிருந்து நேரே வந்திருந்தார். முழங்கால்வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. உள்ளே வரச் சொன்னேன். "தரை கெட்டுடும் டீச்சர்" என்று வெளியிலேயே நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"நீங்க போன் பண்ணீங்க. நான் போய் அடிச்சிட்டேன். கை வீங்கிப்போச்சி. அவ அம்மா எங்கிட்ட பேச மாட்டேங்குது."

நான் உடனே, "ஏங்க அடிச்சீங்க? புள்ளைங்கள அடிக்கக் கூடாதுங்க" என்றேன்.

"அது சரிங்க டீச்சர். எங்கப்பன் என்ன அப்படித்தான் பண்ணாரு, எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். அடிக்கலன்னா வேற என்ன பண்ணட்டும்? அதக் கேக்கத்தான் வந்தேன். நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

ஆசிரியர் பயிற்சியில் எத்தனையோ தேர்வு எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சை முடித்தால் போதும் என்ற அவசரத்தில், "தினம் சாயந்தரம் அரை மணி நேரம் அவ படிக்கும்போது பக்கத்துல உக்காருங்க" என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே?"

"பரவால்ல. சும்மா உக்காந்தா போதும்."

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்ததுபோல அதை வாங்கிக்கொண்டு போனார். என் வார்த்தையில் எனக்கே அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை குளித்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். முகத்தில் ஒரு குழப்பம். "டீச்சர், ஒரு சந்தேகம். அது புஸ்தகத்த மூக்குக்கிட்ட வெச்சிப் படிக்குது. படிக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் படிப்பாங்களா?"

புத்தகம் படிக்கும் மனிதர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தே இராத ஒருவர்தான் இப்படிக் கேட்க முடியும். அன்று வகுப்புக்குப் போய் சங்கீதாவை எழுப்பி, பலகையில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னேன். அவளால் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே எழுதிவந்திருக்கிறாள். அந்தப் பெண் தன் நோட்டை மூடிவிட்ட நாட்களில், வீட்டில் செய்வதற்கு அவளிடம் கணக்கே இருந்ததில்லை. ஆறேழு மாதம் தினமும் அவள் முன்னால் நின்று பாடம் நடத்திய எனக்குத் தெரியாதது, பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் வேலைக்குப் போகாமல் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக்கொடுத்தார். மறுநாள் பள்ளிக்கு வந்து அவர் அதைச் சொன்ன அழகை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! "பாண்டிலேர்ந்து மரக்காணம் வர்ற வரைக்கும் ஒரு போர்டு விடல டீச்சர். பஸ்சுல எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. கூனிமேட்டுல பிரியாணிக் கடை போர்டுல இருந்தத வெல முதக்கொண்டு படிச்சிக் காட்டிச்சி. அப்புறம் நான் என்ன பண்றது? எறக்கி வாங்கிக் குடுத்துத்தான் கூட்டியாந்தேன்."

அதன்பிறகு அவர் பள்ளியை விடவில்லை. அது சில ஆசிரியர்களுக்குத் தொந்தரவாகவும் இருந்தது. முன்னறிவிப்பில்லாமல் வருவார், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்பார். அறிவியல் வகுப்பில் உப்பு எப்படி உண்டாகிறது என்று நடத்திக்கொண்டிருந்தபோது, "வெயில் மட்டும் பத்தாதுங்க சார், காத்தும் வேணும்" என்று இடையில் எழுந்து சொன்னதாக அந்த ஆசிரியர் என்னிடம் வந்து கோபித்துக்கொண்டார். மறுவாரம் அதே ஆசிரியர் பிள்ளைகளை வரிசையாக நடத்தி அளத்துக்கே கூட்டிப்போனார். பாத்தி ஓரத்தில் பாடம் நடத்தியது ஏழுமலை. சார் நோட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பெற்றோர் கூட்டங்களுக்கு அப்போதெல்லாம் நாற்காலிகள்தான் வரும். காலை பத்தரை மணிக்குப் போட்டுவிட்டு, இந்த ஊர் ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று பேசிக்கொண்டிருப்போம். ஒருமுறை தனியாக வந்து உட்கார்ந்திருந்த அவரிடம் நானே குறைபட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார். "விடியக்காலம் மூணு மணிக்கு அளத்துல எறங்குன பொம்பளைங்க அப்பத்தான் டீச்சர் கரை ஏறுவாங்க. உப்புத் துணியோட இந்தச் சேர்ல வந்து எப்படி உக்காருவாங்க? இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. ஸ்கூல்லேர்ந்து போன் வந்தா நாங்க எடுக்கவே யோசிக்கறோம். ஒரு தடவ நல்ல சேதி சொல்றதுக்குக் கூப்புடுங்களேன்."

கூட்டம் சாயங்காலம் நாலரைக்கு மாறியது. நல்ல செய்திக்கு நான் முதலில் போன் செய்தது ஒரு மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மாவுக்கு. "உங்க பையன் இன்னைக்கு" என்று தொடங்கியதுமே அந்த அம்மா, "வரட்டும் டீச்சர், ரெண்டு குடுக்கறேன்" என்றார். "இல்லம்மா, நல்லாப் படிச்சான். சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்" என்றேன். அந்த அம்மா என்னை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, "ராங் நம்பர் இல்லியே டீச்சர்?" என்று கேட்டார். அடுத்த கூட்டத்துக்கு அவர் தன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஏழுமலை செய்ததிலேயே பெரியது அந்த மழைக்கால ஏற்பாடு. மழை பிடித்துவிட்டால் அளத்தில் வேலை இருக்காது. பல குடும்பங்கள் கரும்பு வெட்டவும் கட்டட வேலைக்கும் வெளியூர் போய்விடும். பிள்ளைகளும் கூடவே போவார்கள். தை மாசியில் திரும்பி வரும்போது பாதிப் பாடம் மறந்திருக்கும். சிலர் திரும்ப வகுப்புக்கு வரவே மாட்டார்கள். அப்படி ஒரு வருடம், பதினொரு பிள்ளைகள் இரண்டு வாரமாக வரவில்லை. விவரம் கேட்க ஏழுமலையைக் கூப்பிட்டேன். அவர்கள் பெயரை நீக்க வேண்டிவரும் என்று சொன்னேன்.

"பேர அடிச்சிடாதீங்க டீச்சர். ஒரு வாரம் குடுங்க."

யார் யார் எந்த ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று விசாரித்து, பஸ் ஏறிப்போய் ஒவ்வொரு தகப்பனையும் பார்த்துப் பேசினார். ஒருவர் அவரைக் கரும்புத் தோட்டத்திலேயே வைத்துத் திட்டியிருக்கிறார். "உம் புள்ளைய மட்டும் பாத்துக்கய்யா, எம் புள்ளைக்கு நீ யாரு?" என்று கேட்டிருக்கிறார். ஏழுமலை மறுநாளும் போய் அதே தோட்டத்து வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வாரக் கடைசியில் ஒன்பது பிள்ளைகள் திரும்பினார்கள். இரண்டு பேரைக் கடைசிவரை அழைத்துவர முடியவில்லை. அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டு பெண்பிள்ளைகளைத் தேவாலயத் தெரு ஆரோக்கியமேரி அம்மா தன் வீட்டில் வைத்துக்கொண்டார். மூன்று பேர் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். மீதி நான்கு பேரும் ஏழுமலை வீட்டில். அவர் மனைவி கஸ்தூரி முதல்நாள் என்னிடம் புலம்பினார். "கேக்காமக் கொள்ளாம நாலு புள்ளைங்கள கூட்டியாந்து நிறுத்துனா நான் என்ன டீச்சர் பண்ணுவேன்?" புலம்பிக்கொண்டே ஒரு பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்.

ஒரு மழை நாள் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். ஒரே அறையில் அவருடைய இரண்டு பெண்களும் இந்த நான்கு பேரும் சுவரோரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை நடுவில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சத்தமாகப் படிக்க வேண்டும், அவர் கேட்பார். ஒரு பையன் படித்துக்கொண்டே வந்தான். "டேய், நீ தாண்டிட்ட. திரும்பப் படி" என்றார். பையன் என்னைப் பார்த்து அசடு வழிந்தான். உண்மையிலேயே பாதிப் பக்கத்தை விட்டிருந்தான்.

உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "புரிஞ்சிப் படிக்கிறவன் நின்னு நின்னு போவான் டீச்சர். இவன் மூச்சு விடாம ஓடறான். ஓடறவன் எதையோ உட்டுட்டுத்தான ஓடுவான்?" என்றார்.

இறப்புச் செய்தி வந்த அந்தத் திங்கட்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனபோது தெருவே நிறைந்திருந்தது. அந்த நான்கு பேரில் இரண்டு பேர் வளர்ந்த பையன்களாகப் பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கீதா இப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பிய பிறகு, வீட்டுக்குப் பின்பக்கம் நாங்கள் இருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். எட்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

"சங்கீதா, அன்னைக்கு நான் போன் பண்ணாம இருந்திருந்தா உனக்கு அந்த அடி விழுந்திருக்காது. நான் உங்கிட்ட மன்னிப்புக் கேட்டதே இல்ல."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "தெரியும் மிஸ். அப்பா அப்பவே சொன்னாங்க. 'டீச்சர் மேல கோவம் வெச்சிக்காத, அடிச்சது எங் கை'ன்னு. அதுக்கப்புறம் என்ன அடிக்கல. பத்தாவது படிக்கும்போது ஒரு தடவ கை ஓங்குனாங்க. ஓங்குன கையத் தொங்கப்போட்டுக்கிட்டு வெளிய போய்ட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சி வந்து எம் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, 'சரி, என்ன நடந்திச்சின்னு சொல்லு'ன்னாங்க."

உள்ளேயிருந்து கஸ்தூரி கூப்பிட்டதும் அவள் போனாள்.

ஏழுமலையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு தயக்கம். எந்த வீட்டுக்கும் போன் செய்வதற்கு முன்னால், நான் போனை வைத்த பிறகு அங்கே என்ன நடக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கிறேன். நேற்று ஏழாம் வகுப்பில் ஒரு பெண் மூன்றாவது நாளாகப் பாடம் எழுதாமல் வந்தாள். எண்ணைத் தேடி எடுத்தேன், அழைக்கவில்லை. நாலரை மணிக்கு அவள் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, நானும் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு அவள் வீட்டுக்கு நடந்தேன்.