வீட்டைக் கொளுத்த வந்த ஜுரம்

பல வருஷங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம், பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மிஷன் பங்களாவில் நடந்தது இது. சீமையிலிருந்து புதிதாக வந்திறங்கிய பாதிரியார் துரைக்கும் அவர் சம்சாரத்துக்கும் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்ஷி வேலை எனக்கு. தோட்டத்தின் கோடியில் ஒரு கூரை வீடு கொடுத்திருந்தார்கள். நானும் என் வீட்டுக்காரியும் அதில் குடியிருந்தோம்.

துரைசாணிக்கு நம் ஊர்க் காற்று, தண்ணீர், வெயில், பல்லி எல்லாவற்றின் மேலும் சந்தேகம். போதாக்குறைக்கு, பிளேக் வருகிறது, அது கண்ட வீட்டையே கொளுத்திவிடுகிறார்கள் என்று அப்போது எங்கும் ஒரே பேச்சு. அதனால் தினமும் காலையில் பங்களாவில் வேலை பார்த்த எங்களை எல்லாம் வராந்தாவில் நிறுத்தி, ஒவ்வொருவர் நாக்குக்கு அடியிலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்.

அன்று சரியான பனி. சமையற்காரர் கொதிக்கக் கொதிக்க ஒரு லோட்டா சுக்குக் காப்பி கொடுத்தார். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்களே என்று நின்ற வாக்கில் விழுங்கிவிட்டு ஓடிப்போய் வாயைத் திறந்தேன்.

துரைசாணி கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாவாடையை அள்ளிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். துரை வந்து, "ஐயா, உமக்கு ஜுரம் உண்டு. உமது வீடு கொளுத்தப்படும்" என்றார். ஒரு பிழை கிடையாது. நான் சொல்லிக்கொடுத்த தமிழ் அல்லவா!

எனக்கு அந்தக் குழாயின் சூட்சுமம் என்ன தெரியும்? சீமைக் கண்ணாடி பொய் சொல்லாது என்று நம்பி, அந்த நிமிஷமே சாக ஆரம்பித்துவிட்டேன்.

என்னை வண்டிக் கொட்டகையில் தள்ளிப் பூட்டினார்கள். பிளேக் என்றால் கட்டி வருமாமே என்று உடம்பெல்லாம் தடவினேன். இடுப்பில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. "ஐயோ, போச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் மாடுகள் மிரண்டன. அவிழ்த்துப் பார்த்தால் என் பொடி டப்பி. ஆறுதலுக்கு ஒரு சிட்டிகை போட்டேன். தும்மல் வந்தது. அதையும் பிளேக்கோடு சேர்த்துக்கொண்டேன்.

பலகை இடுக்கில் பார்த்தால், தோட்டக்காரர் சீமெண்ணெய் டின்னோடு என் வீட்டுக்குப் போகிறார். பின்னாலேயே துரை, கையில் ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பையோடு, உறிஞ்சிக்கொண்டே போகிறார். தெர்மாமீட்டரும் கையுமாகத் துரைசாணி. எங்கள் பாய், பானை, என் புஸ்தகங்கள், என் வீட்டுக்காரியின் கல்யாணப் புடவை எல்லாம் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருந்தன.

என் வீட்டுக்காரி வாசற்படியில் குந்திவிட்டாள்.

"யக்கா, நவுரு. நான் இன்னா பண்றது? சொன்னத செய்றேன்" என்றார் தோட்டக்காரர்.

"டின்ன கீழ வையி நைனா. உன் ஊட்ட கொளுத்துனா இப்டி நிப்பியா நீ?" என்றவள் துரை பக்கம் திரும்பினாள். "காலைல எய்ந்து வரசொல்லோ அந்த ஆளு ஒடம்பு சில்லுனு கீது. ஜொரமாம் ஜொரம்! அந்தக் குச்சிய உன் வாயில வையி தொரை, பாப்போம்!"

துரை நல்ல மனுஷர்தான். வைத்துக்கொண்டார். துரைசாணி எடுத்துப் பார்த்து, முன்ஷிக்குக் காட்டிய அதே அளவு என்றார்.

சீமெண்ணெய் டின் இனி பங்களாப் பக்கம் திரும்பும் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். துரைசாணியோ சிரித்தார். சூடாகத் தேநீர் குடித்த வாயில் வைத்தால் அப்படித்தான் காட்டும், சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று துரையைச் செல்லமாகக் கடிந்துகொண்டார்.

அப்படியானால் அந்த அம்மாளுக்கு இது முன்னமே தெரியும்! என்னிடம் மட்டும், "என்ன குடித்தீர்?" என்று கேட்க ஒரு வார்த்தை வரவில்லை. சாகிறதை அப்படியே நிறுத்திவிட்டு, "நானும் குடித்தேன்! சுக்குக் காப்பி!" என்று இடுக்கு வழியாகக் கத்தினேன்.

கதவைத் திறந்து மறுபடி வைத்துப் பார்த்தார்கள். ஜுரமும் இல்லை, மண்ணும் இல்லை. "தேவனுக்கு ஸ்தோத்திரம். பாடம் தொடங்கலாமா?" என்றார் துரை. மன்னிப்பு என்ற சொல்லை முந்தின வாரமே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

கொட்டகையில் நான் அலறியதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் துரையின் வாய் சுட்டதும் காரணம் தேடியவர்கள், என் வாய் சுட்டதும் தீப்பெட்டி தேடினார்களே, அதை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எனக்கு நிஜமாகவே ஜுரம் அடிக்கிறது.